முன்நெற்றியா, உச்சந்தலையா: எந்த வழுக்கைக்கு அதிகம் கவலைப்பட வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றத்துக்கு முன்நெற்றிதான் முக்கியம். ஆனால் காலம் தாழ்த்தக் கூடாத இடம் உச்சந்தலை. இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், கண்ணாடியில் தெரியும் நெற்றியோரத்தையே பார்த்துப் பார்த்து மறுகிவிட்டு, காப்பாற்றியிருக்கக்கூடிய உச்சியைக் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆண்களுக்கு வரும் இந்த இரண்டும் வெவ்வேறு நோய் அல்ல. உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்கள் பரம்பரையாகவே அதைத் தாங்காதவையாக இருந்தால், ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் கொஞ்சம் சிறுத்து, கடைசியில் பூனைமுடி மட்டுமே முளைக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள வேர்க்கால்கள் டிஹெச்டியைச் சட்டை செய்வதில்லை. எவ்வளவு முற்றிய வழுக்கையிலும் பின்பக்கம் ஒரு பட்டை முடி மிஞ்சுவது இதனால்தான்.

ஹாமில்டன் 1951-ல் வகுத்து, நார்வுட் 1975-ல் திருத்திய ஏழு நிலை அட்டவணையைத்தான் தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் மூன்றாம் நிலைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்றில் நெற்றிப்பொட்டின் மேல் இரண்டு பக்கமும் ஆழமாக ஏறியிருக்கும். 'வெர்டெக்ஸ்' என்று தனியாகப் பெயரிட்ட இன்னொன்றில் உச்சியில் வட்டமாக மெலிந்திருக்கும். ஐந்தாம் நிலையில் நடுவில் உள்ள முடிப்பாலம் குறுகி, ஆறில் முன்னும் பின்னும் ஒன்றாகிவிடும். எல்லோரும் கடைசி நிலை வரை போவதில்லை. போகிறவர்களுக்கோ 'இதுவா அதுவா' என்ற கேள்வியே சில வருடங்களுக்குத்தான்.

சரி, ஒப்பிடுவதற்கு முன் நிஜமாகவே முடி போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நெற்றி விஷயத்தில் வீண் பயம் அதிகம். பதின்வயதில் இருந்த முன்முடிக் கோடு வளர்ந்த ஆணுக்கு அப்படியே இருப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏறி அங்கே நின்றுவிடும். புருவத்தை உயர்த்திப் பாருங்கள். மேலே உள்ள கடைசிச் சுருக்கத்துக்கும் முடிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளிதான், ஓரத்து முடிகள் தடிமனாகவே இருக்கின்றன, கோடு வருடக்கணக்கில் நகரவில்லை என்றால் அது வழுக்கை அல்ல. ஓரத்தில் குட்டையும் மெல்லிசுமாகப் பூனைமுடிகள் கலந்திருந்து, இரண்டு பக்க மூலைகளும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் ஏறுநெற்றி.

உச்சியிலும் ஏமாற இடம் உண்டு. சுழி இருக்கும் இடத்தில் முடிகள் நாலாபக்கமும் விலகிப் போவதால் யாருக்குமே கொஞ்சம் தோல் தெரியும். ஈரத்தலையோடு, நேர்மேலே விளக்கு எரியும் இடத்தில் படம் எடுத்தால் நல்ல அடர்த்தியான தலைகூட சொட்டையாகத் தெரியும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், காய்ந்த முடி என்று வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஒன்று கவனியுங்கள்: திடீரென்று வட்டமாக, வழவழப்பாக ஓர் இடம் மொட்டையானால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதற்குக் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

இப்போது தோற்றம். முன்முடிக் கோடு முகத்தின் மேல் எல்லை. அது ஏறினால் நெற்றி பெரிதாகி, முகத்தின் அளவே மாறுகிறது; வயது கூடித் தெரிகிறது. எதிரே நின்று பேசுகிறவர், அடையாள அட்டைப் படம், வீடியோ அழைப்பு எல்லாமே பார்ப்பது முன்பக்கத்தைத்தான். உச்சி தெரிவது பின்னால் வருகிறவர்களுக்கும் நம்மைவிட உயரமானவர்களுக்கும், அப்புறம் நாம் உட்கார்ந்திருக்கும்போது நிற்பவர்களுக்கும். ஆறடி ஆளின் உச்சி வழுக்கையைப் பலர் பார்க்காமலே பழகிவிடுவார்கள். ஆகவே தோற்றக் கணக்கில் முன்நெற்றியின் பக்கம்தான் எடை.

மறைப்பது என்று வந்தால் தராசு புரள்கிறது. மெலிந்த உச்சியில் சுற்றிலும் இன்னும் முடி இருப்பதால், தூவும் ஹேர் ஃபைபர் என்ற நுண்ணிழைத் தூள் அந்த முடிகளைப் பிடித்துக்கொண்டு அடர்த்தியாகக் காட்டும். முன்கோட்டில் அதைத் தூவினால் நெற்றியில் மை தீட்டியது போல் தெரியும், வியர்த்தால் கதை முடிந்தது. ஆனால் முன்பக்கத்துக்குக் கத்தரி உதவும். பக்கவாட்டை ஒட்ட வெட்டி, மேலேயும் குட்டையாக வைத்து, தாடி பொருந்துகிறவர்கள் தாடியும் விட்டால் ஏறுநெற்றி ஒரு பாணியாகவே போய்விடும். ஒரு பக்கத்து முடியை நீளமாக வளர்த்து மறுபக்கம் இழுத்துச் சீவுவதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். காற்று அடிக்கும்வரைதான் அதற்கு ஆயுள்.

மருந்தில்தான் இரண்டுக்கும் உண்மையான இடைவெளி. தலையில் தடவும் மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குக் கொண்டுவந்தார்கள். 1988-ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. அங்கே விற்கும் புட்டியின் குறிப்பைப் படித்தால், உச்சந்தலைக்கு மட்டும், முன்வழுக்கைக்கும் ஏறுநெற்றிக்கும் அல்ல என்று எழுதியிருக்கும். முன்பக்கம் வேலையே செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. அனுமதிக்கான ஆய்வுகள் உச்சியை வைத்தே நடந்தன. முன்பக்கத்திலும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

1997-ல் அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையின் கதையும் ஏறக்குறைய இதுதான். 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுத்து டிஹெச்டியைக் குறைப்பது அதன் வேலை. அதன் முக்கியமான ஆய்வுகளில் இருந்த 1,553 ஆண்களும் உச்சியில் முடி மெலிந்தவர்கள். முன்பக்க நடுப்பகுதியை வைத்துத் தனியாக நடந்த ஆய்விலும் முன்னேற்றம் இருந்தது, அளவு குறைவு. நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூலைகளுக்குப் பலன் நிரூபணமாகவில்லை என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. சிலருக்குப் பாலுணர்வு குறைவது உள்ளிட்ட பக்கவிளைவுகள் வரும். புராஸ்டேட் சோதனையான பிஎஸ்ஏ அளவையும் இது குறைத்துக் காட்டும். எனவே மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மினாக்ஸிடில் பட்ட கையையோ தலையணையையோ அது நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைகளுக்கு அது விஷம்.

இரண்டு மருந்துமே இருப்பதைக் காப்பதில்தான் கெட்டி. பளபளவென்று ஆன இடத்தில் எதையும் முளைக்க வைக்காது. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய நிலைக்கே கொண்டுபோய் விட்டுவிடும். மினாக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வதும் சகஜம், அதில் பயந்து விட்டவர்கள் பலர். மருந்து நன்றாகப் பிடிக்கும் இடமும், நாம் கடைசியாகக் கவனிக்கும் இடமும் ஒன்றாகவே இருப்பதுதான் உச்சி வழுக்கையின் சிக்கல். கண்ணாடிக்குத் தெரியாததால், யாரோ எடுத்த படத்தில் தெரியவரும்போது பாதி போயிருக்கும்.

முடி நடுவதில் முடிவு தலைகீழ். பிடரியில் இருந்து எடுத்த முடி, நட்ட இடத்திலும் பிடரி முடியின் குணத்தோடே வளரும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-ல் எழுதிக் காட்டியதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஆனால் எடுக்கக்கூடிய கிராஃப்ட்கள், அதாவது வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்துகள், வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தே சில ஆயிரம்தான். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. இந்தக் கையிருப்பை முன்கோட்டில் செலவழித்தால் ஒவ்வொரு கிராஃப்டும் முகத்தில் தெரியும். முன்முடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வதால் அடர்த்தியும் கூடித் தெரியும். உச்சியில் சுழி காரணமாக முடிகள் விலகிப் படுப்பதால் அதே எண்ணிக்கை அங்கே எடுபடாது, எவ்வளவு நட்டாலும் இன்னும் கேட்கும்.

இளம் வயதில் உச்சியை நிரப்புவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நட்ட முடி நிற்கும், சுற்றியுள்ள சொந்த முடி தொடர்ந்து போகும். பத்து வருடத்தில் நடுவில் ஒரு தீவும் சுற்றிலும் வெறும் தோலுமாக ஆகிவிடலாம். அப்போது அதைச் சரிசெய்யப் பிடரியில் சரக்கு இருக்காது. முன்பக்கம் மட்டும் நிரம்பி, உச்சி வழுக்கையாக இருக்கும் ஆணைப் பார்த்தால் இயல்பாகவே இருக்கும். உச்சி நிரம்பி முன்பக்கம் காலியாக இருப்பது இயற்கையில் அரிது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வில், உச்சி வழுக்கை தீவிரமாக இருந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் சற்று அதிகம் காணப்பட்டது. வெறும் ஏறுநெற்றிக்காரர்களிடம் அப்படித் தெளிவான தொடர்பு இல்லை. 2013-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜப்பானியக் குழுவும் இதையே கண்டது. தொடர்புதான், காரணம் என்று நிரூபணமில்லை. முடியை மீட்டால் இதயம் சரியாகும் என்றும் இல்லை. இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை சோதனையைத் தள்ளிப்போடுகிறவர் இதைச் சாக்காக வைத்து அதைச் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். வெயில் நேராக விழுவது உச்சியில், அங்கே தொப்பியோ சன்ஸ்கிரீனோ அவசியம்.

ஆக, உச்சி மெலியத் தொடங்கியிருந்தால் இந்த மாதமே தோல் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட்டால் நஷ்டம் அங்கேதான். நெற்றி மட்டும் ஏறியிருந்தால் முதலில் முடிவெட்டை மாற்றி, படம் எடுத்து ஒரு வருடம் கவனிக்கலாம். வேகமாக ஏறினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து போகிறவர் மருந்தால் உச்சியைப் பிடித்து நிறுத்திவிட்டு, கிராஃப்ட்களை முன்பக்கத்துக்கு ஒதுக்கி வைப்பதே கணக்குக்குச் சரி. எதுவும் வேண்டாம் என்றால் மழித்துவிடுவது இன்னும் நல்லது. அதில் எந்த இடம் முதலில் போனது என்றே யாருக்கும் தெரியாது.

நடுவது என்று முடிவெடுத்துப் போனால், முன்முடிக் கோட்டை எவ்வளவு கீழே இறக்குவீர்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எனக்கு ஆறாம் நிலை வந்தால் பிடரியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்றும் கேளுங்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு முன்னும் பின்னும் ஒரே அமர்வில் நிரப்பித் தருகிறேன் என்று சொன்னால், அன்றைக்கு முன்பணம் கட்டாமல் வேறு ஒருவரிடமும் காட்டுங்கள்.