குன்னூரில் சூப்பர் மார்க்கெட்டை நம்பி மாதச் சாமான்: சில வருட அனுபவம்

குன்னூருக்குக் குடிவந்த நாளிலிருந்து மாதச் சாமான் முழுக்க ஒரே சூப்பர் மார்க்கெட்டில்தான். கடையின் பெயர் வேண்டாம். இப்போது பாதிச் சாமானை மளிகைக் கடைக்கு மாற்றிவிட்டேன். விலை எங்கேதான் ஏறவில்லை? ஏறிய விலை கண்ணில் படாதபடி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். ரேக்கில் வரிசையாக இருக்கிற பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றில் 910, அடுத்ததில் 850, இன்னொன்றில் 800. உயரம், அகலம் எல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி. ‘பத்து ரூபாய் குறைவு’ என்று மஞ்சள் அட்டை தொங்குவது பெரும்பாலும் அந்த 800 கிராமுக்குத்தான். கிராமுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள்; செல்போன் கேமராவில் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி கூடியதும் விலை சட்டென்று ஏறியது. 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு வரியைக் குறைத்தார்கள். ஏறின வேகத்தில் இறங்கினதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பில். ரேக்கில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை. கேட்டால், “சிஸ்டத்துல இன்னும் மாத்தலைக்கா” என்பாள் பில் போடும் பெண். இரண்டு விலையும் எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் இருக்கும். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளைத் திட்டி என்ன பயன்? பொருளை எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். 2025 செப்டம்பர் 22இல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோதும், பழைய ஸ்டாக் என்று சொல்லிப் பல நாள் பழைய விலையே ஓடியது. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் மட்டும் விடாதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடலாம்.

காய்கறிதான் உச்சக்கட்ட வேடிக்கை. பக்கத்தில் இருக்கிற கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கடைக்குக் கேரட் எங்கிருந்து வருகிறது என்று அடுக்கிக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டேன். கோயம்புத்தூர் குடோனிலிருந்தாம்! நம் ஊர்க் கேரட் மலையிறங்கி, வண்டி வாடகையைத் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி மலையேறுகிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் ரேக்கே காலி. காய்க்கு உழவர் சந்தைதான். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் வந்தபிறகு போனால் பொறுக்கிப்போட்ட மிச்சம்தான் கிடைக்கும்.

பருப்பு விஷயத்தில் மளிகைக் கடையை அடித்துக்கொள்ள முடியாது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர்; தண்ணீர் இங்கே 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். பழைய துவரம்பருப்பு என்றால் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். பாக்கெட்டில் ‘பேக் செய்த தேதி’ இருக்குமே தவிர, பருப்பு எப்போது விளைந்தது என்று இருக்காது. மளிகைக் கடைக்காரரோ, “இந்த மூட்டை வேணாம்மா, வேகாது, வியாழக்கிழமை புதுசு வருது” என்று அவரே சொல்லிவிடுவார். ரவை, கடலை மாவையெல்லாம் கால் கிலோ கட்டித் தருவார். ஜூலை மூடுபனியில் எல்லாம் நமுத்துப்போகிற ஊரில் ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ ஆஃபரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதோடு ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்கிவிட்டால் மாதக் கணக்கு ஓரளவு மூச்சு விடும். மளிகைக் கடையில் குறையே இல்லையா என்றால், பில் கிடையாது, தராசு முள்ளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதை முழுக்க விடவில்லை. சோப்பு, துணித்தூள், நாப்கின் வாங்க அதுதான் வசதி. யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். சுற்றுலா சீசனில் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. ஏப்ரல், மே வந்தால் முன் ரேக்கெல்லாம் சிப்ஸும் சாக்லேட்டும் ஏறிக்கொள்ளும், உப்பும் கோதுமை மாவும் எந்த மூலைக்குப் போனதென்று தேட வேண்டும். அந்தக் கடையின் கார்டில் பாயிண்ட் நிறையச் சேர்ந்திருக்கிறது. போன மாதம் கேட்டுப் பார்த்தேன். எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அது செல்லாதாம்.