பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பாஸ்க் பந்தி: வூல் குரோவர்ஸ்

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், கிழக்குப் பக்கத்துப் பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில்தான் பாஸ்க் விடுதிகள் இருந்தன. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்தவர்கள் மாதக்கணக்கில் மந்தையோடு தனியே கிடந்துவிட்டு, ஊருக்குள் வந்ததும் இங்கே தங்கி, தங்கள் மொழி பேசிச் சாப்பிட்டார்கள். அந்த விடுதிகளில் பேர்பெற்றது 1893-இல் தொடங்கிய நொரியேகா ஹோட்டல். முன்பின் தெரியாதவர்களையும் நீள மேசையில் தோளோடு தோள் உட்கார வைத்த அந்தப் பந்தி 2020-இல் முடிந்துபோனது. பெரிய இழப்பு. 1954-இல் மைத்தியா தம்பதி தொடங்கிய வூல் குரோவர்ஸ் உணவகத்தில் அவரவருக்குத் தனி மேசைதான். ஆனால் பரிமாறுகிற முறை மாறவில்லை.

ஸ்பெயினின் பாஸ்க் நகரமான சான் செபஸ்தியான் கடற்கரையின் பின்ச்சோ என்கிற சிறு தீனிகளை, மீன் வகைகளை மனதில் வைத்துக்கொண்டு இங்கே போகாதீர்கள். இது மேய்ப்பர்களின் வயிற்றுக்கு ஏற்பட்ட சமையல்: பூண்டு, பீன்ஸ், ரொட்டி, ஆட்டிறைச்சி.

இந்தக் கடையை எடைபோட வேண்டியது மெயின் என்கிற முக்கிய உணவை வைத்து அல்ல, ‘செட்டப்’பை வைத்து. மெயினுக்கு முன்னால் தானாகவே மேசைக்கு வருகிற வரிசைக்கு உள்ளூரில் அந்தப் பெயர். ரொட்டி, வெண்ணெய், பெரிய கிண்ணத்தில் முட்டைக்கோஸும் காய்களும் போட்ட சூப், வேகவைத்த பீன்ஸ், தக்காளி சல்சா, சாலட், வினிகரில் ஊறிய மாட்டு நாக்கு என்று வந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சூப்பைத் தனியாகக் குடித்துவிட்டு ‘சப்பென்று இருக்கிறதே’ என்பார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். தட்டில் இரண்டு கரண்டி சூப் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி பீன்ஸ், நடுவில் ஒரு ஸ்பூன் சல்சா விட்டுக் கலக்குங்கள். பீன்ஸின் மாவுத்தன்மை சூப்பைக் கெட்டியாக்கும், சல்சா புளிப்பையும் காரத்தையும் தரும். மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு பதார்த்தம்.

நாக்கைத் தொடத் தயங்குகிறவர்கள் ஒரு துண்டாவது எடுத்துப் பார்க்கலாம். சமையலறையின் பொறுமை தெரிவது அதில்தான். முழு நாக்கு குறைந்தது மூன்று மணி நேரம் மெல்லிய கொதியில் வேக வேண்டும். கை தாங்குகிற சூட்டிலேயே மேல்தோலை உரித்துவிட வேண்டும். ஆறிப்போனால் தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பிறகு குளிரவைத்து, நார்க்குறுக்காக மெல்லியதாக நறுக்கி, எண்ணெய், வினிகர், பூண்டு, பார்ஸ்லியில் ஊறப்போடுவார்கள். தடிமனாக நறுக்கினால் ரப்பர் மாதிரி இருக்கும். சரியாகச் செய்தது கத்தி இல்லாமலே முள்கரண்டிக்கு இணங்கும்.

மெயினில் ஆட்டிறைச்சியும் பூண்டு வாசனையோடு வருகிற பொரித்த கோழியும் நம்பி வாங்கலாம். பூண்டை ஆரம்பத்திலேயே எண்ணெயில் போட்டால் கருகிக் கசந்துவிடும், இறக்குகிற நேரத்தில் போட்டால்தான் மணம் நிற்கும். மாட்டுவால் குழம்பு கிடைக்கிற நாளாக இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். எலும்பைச் சுற்றிய பசை முழுக்கக் குழம்பில் இறங்கியிருக்கும், மிச்ச ரொட்டியை அதற்கென்றே வைத்திருங்கள்.

குடிப்பவர்களுக்குப் பீகோன் பஞ்ச் என்கிற கலவை மது. காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் பனிக்கட்டி, கசப்பான ஆரஞ்சு மதுவான அமேர், சில துளி கிரெனடின் (மாதுளைப் பாகு), கொஞ்சம் சோடா, மேலே மிதக்கவிட்ட பிராந்தி, எலுமிச்சைத் தோல். பிரான்ஸின் அமேர் பீகோன் அமெரிக்காவில் நெடுங்காலம் கிடைக்காததால் பொதுவாக அமெரிக்கத் தயாரிப்பான டொரானி அமேரைத்தான் ஊற்றுகிறார்கள். கிரெனடின் கூடினால் சர்பத்தாகிவிடும். பிராந்தியைக் கலக்காமல் உறிஞ்சினால் முதல் வாய் சூடாகவும் அடுத்தது கசப்பாகவும் இறங்கும். இனிப்பு போலத் தோன்றினாலும் இது கடுமையான சரக்கு, கார் ஓட்டுகிறவர் தொட வேண்டாம்.

சைவர்கள் சூப்பும் பீன்ஸும் எதில் வேகிறது என்று கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். மற்றவர்கள் மதியத்தை லேசாக முடித்துக்கொண்டு இரவுக்கு நாலு பேராகப் போங்கள். இரண்டு பேருக்குச் செட்டப்பே மிஞ்சிவிடும். முதல் ரொட்டிக் கூடையைக் காலி செய்துவிடாதீர்கள், மாட்டுவால் குழம்பு வரும்போது வருத்தப்படுவீர்கள்.