கைகாட்டினால் நிற்கும் ரயில்

அலாஸ்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கூரை வைத்த பெரிய ரயிலுக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அதுவும் நல்ல பயணம்தான். ஆனால் கையில் ஒரே ஒரு நாள் இருக்கிறது என்றால், டல்கீட்னா என்ற சிற்றூரில் ‘ஹரிக்கேன் டர்ன்’ என்ற ரயிலில் ஏறிப் போய்வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

டல்கீட்னாவுக்கு வடக்கே நெடுஞ்சாலை வேறு பக்கம் போய்விடும், தண்டவாளம் மட்டும் சுசிட்னா ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் போகும். அங்கங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு ரோடு கிடையாது, இந்த ரயில்தான் எல்லாமே. தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்று வெள்ளைத் துணியை வீசினால் வண்டி நிற்கும்.

நான் போன அன்று ஒரு பிர்ச் மரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. சரக்குப் பெட்டியின் கதவைத் திறந்து கேஸ் சிலிண்டர், நாலைந்து அட்டைப்பெட்டி, கடைசியாக ஒரு ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வாங்க வந்த மனிதர் கண்ணாடியைச் சுற்றியிருந்த அட்டைக்குள் கட்டைவிரலை விட்டு நாலு மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் அவர்களுடைய நாய் பெட்டிக்குள்ளேயே ஏறிவிட்டது, கண்டக்டர் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, கூரை வேலை முடிந்ததா என்று விசாரிக்கிறார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், வண்டிக்குள் ஒருவர்கூட அவசரப்படவில்லை. எனக்கு இந்த ஐந்து நிமிடமே போதும், மற்றதெல்லாம் உபரி.

உபரியும் கொஞ்சநஞ்சம் இல்லை. சுசிட்னா ஆறு, பனியாறுகள் அரைத்த கல்மாவைச் சுமந்து வருவதால் சாம்பல் நிறமாக ஓடும், இந்தியன் ஆறோ அடிக்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. கரையெல்லாம் ஃபயர்வீட் பூ. அது தண்டின் கீழிருந்து மேலே பூத்துக்கொண்டு போகும், உச்சிப் பூ மலர்ந்துவிட்டால் பனிக்காலத்துக்கு ஆறு வாரம்தான் என்று அங்கே கணக்குச் சொல்வார்கள். நான் பார்த்த செடிகளில் பூ தண்டின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. ஒரு குட்டையில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்று தலையை முழுசாக முக்கி எடுத்தது, வாயில் தொங்கிய பாசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கரடி கண்ணில் படவில்லை. 20,310 அடி டெனாலி மேகத்துக்குள்ளேயே இருந்துவிட்டது, கோடையில் அது பெரும்பாலும் அப்படித்தான், மலைக்காக மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள்.

கர்ரி என்ற இடத்தில் ஒரு காலத்தில் ரயில் பயணிகள் இரவு தங்கப் பெரிய ஹோட்டல் இருந்தது, 1957இல் எரிந்துபோனது. அப்புறம் ஹரிக்கேன் பள்ளத்தாக்குப் பாலம். 1921இல் கட்டியது, 918 அடி நீளம், கீழே ஓடை 296 அடி ஆழத்தில். கால் கூசும், ஆனாலும் ஜன்னலை விட்டு நகராதீர்கள்.

கோடையில் வியாழன் முதல் திங்கள் வரை ஓடுகிறது. வண்டியில் சாப்பாடு விற்பதில்லை, கட்டிக்கொண்டு போங்கள். வழியில் எத்தனை பேர் நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அன்று மாலைக்கு வேறு எதையும் புக் செய்து வைக்காதீர்கள்.