கார் லைட் ரிப்பேருக்கு 14,500 ரூபா தண்டம், மதுரைப் பக்கம் கார் வச்சிருக்கவங்க உஷார்

டைப் பண்ணும்போதே பத்திக்கிட்டு வருது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. ரிங் ரோடு பக்கம் எல்லா கம்பெனி வண்டியும் பாக்குறோம்னு பெரிய போர்டு வச்ச ஒர்க்‌ஷாப், ஏசி ரூம்லாம் உண்டு. பேரப் போட்டா அதுக்கு வேற ஒரு பஞ்சாயத்து வரும், அதனால போடல.

வண்டில பிரச்சனை இதுதான். பிரேக்க மிதிச்சா வலது பக்க டெயில் லைட் மங்குது, கூடவே இண்டிகேட்டரும் லேசா எரியுது. முன்னாடி வலது ஹெட்லைட் மஞ்சளா அழுது வடியுது. கடையில ஒரு சூப்பர்வைசர் தம்பி, "அண்ணே நீங்க உக்காருங்க, நம்ம கடை மாதிரி நினைச்சுக்கோங்க"ன்னு டீ வாங்கிக் குடுத்தான். கொஞ்ச நேரத்துல கருகிப் போன ஒரு கப்ளர, அதான் வயருங்கள இணைக்கிற பிளாஸ்டிக் சொருகி, கையில ஏந்திட்டு வந்து, "உங்க வண்டில இருந்து இப்பத்தான் கழட்டுனேன், ஓட்டிட்டு இருக்கும்போது தீப்புடிச்சிருந்தா என்னண்ணே பண்ணுவீங்க, பிள்ளைங்க வேற வருமே"ன்னு கேட்டான் பாருங்க, அந்த மூஞ்சில அவ்வளவு அக்கறை. வீட்டுல சின்னவ பின்சீட்ல தூங்கிட்டு வர்றது ஞாபகம் வந்துச்சு, சரி பண்ணிருங்கன்னுட்டேன். ஹெட்லைட் வயரிங், காம்பினேஷன் சுவிட்ச் (ஸ்டியரிங் பக்கத்துல லைட், இண்டிகேட்டர் போடுறது), டெயில் லேம்ப் அசெம்ப்ளி எல்லாம் சேத்து 14,500. பில் கேட்டா "பில் போட்டா டாக்ஸ் ஏறும்ணே, உங்களுக்காகத்தான்"னான். ஜிபே பண்ணேன்.

அடுத்த மழைக்கு பழைய குருடி கதவத் திறடிதான். போன் போட்டா முதலாளி ஊர்ல இல்ல. அப்புறம் எலக்ட்ரீஷியன் மாலை போட்டு சபரிமலை போயிட்டான். நேர்ல போனா டீ குடுத்த அதே தம்பி, "எலக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரன்டி கிடையாது சார், எழுதியே போட்டிருக்கோம்"னு சுவத்தக் காட்டுறான். அண்ணன் போயி சார் வந்துருச்சு! வாட்ஸப்ல ப்ளூ டிக் விழுகுது, பதில் இல்ல, இப்ப டிபியும் தெரியல.

கடைசில திருமங்கலத்துல ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்ட்ட விட்டேன். டிக்கி மேட்டத் தூக்கி, பல்ப் ஹோல்டரோட எர்த்துல (கரண்டு வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பிப் போற இணைப்பு) ஒரு துண்டு வயர வச்சு இன்னொரு முனைய பாடில நல்ல இரும்புல தொட்டாரு, லைட் பளிச்சுன்னு எரியுது. எர்த் போல்ட் துருப்பிடிச்சிருக்கு, கரண்டு திரும்பிப் போக வழி இல்லாம பக்கத்து பல்ப் வழியா சுத்திப் போகுது, அதான் பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் எரிஞ்சிருக்கு. முன்னாடி எர்த்தும் அதே கதி. உப்புத்தாள் போட்டுத் தேச்சு முறுக்குனாரு, 300 ரூபா. இதுக்குத்தான் 14,500! இதுல வயரிங்க மாத்தவே இல்லையாம், நடுவுல வெட்டி முறுக்கி டேப் சுத்தி வச்சிருக்கானுங்க, என் வண்டி கப்ளர் ஒரிஜினலாவே இருக்கு, அப்ப அந்தக் கருகுனது யாரோடது? போதாததுக்கு ஹெட்லைட்ல இருந்த நல்ல ஹெச்4 பல்பக் கழட்டிட்டு ஏதோ லோக்கல மாட்டியிருக்கான். பின்லைட் இல்லாம நான் பைபாஸ்ல வந்தப்ப லாரிக்காரன் ஏத்தியிருந்தா யாரு பொறுப்பு?

என்னென்ன செக் பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், எழுத மனசு வரல. ஒரு பக்கம் மட்டும் மங்குனா முதல்ல பல்ப், அப்புறம் எர்த். ரெண்டு பக்கமும் ஒண்ணா செத்தா பியூஸ், ரிலே, சுவிட்ச். கழட்டுன பழைய சாமான கேட்டு வாங்குங்க, வண்டி பக்கத்துலயே நில்லுங்க, டீக்குப் போகாதீங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க. நான் ஜிபே ஸ்கிரீன்ஷாட்ட வச்சு 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கு அடிக்கப் போறேன், 14,500-ல அவன் ஒரு ரூபா திருப்பிக் குடுத்தாலும் இங்கயே வந்து போடுறேன்.