மோக்கா பாட்: காபி அருமை, கேஸ்கெட்தான் கிடைப்பதில்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், இணையக் கடைகளில், அடுப்பில் வைத்து ஆவியின் அழுத்தத்தால் காபி இறக்கும் சிறிய இத்தாலியப் பாத்திரமான மோக்கா பாட்டின் விலை இறங்கியிருப்பதாகவும் ஒன்று வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தார். சில ஆண்டுகளாக என் காலைக் காபி அதில்தான் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கேள்வி வந்த நேரத்தில் என்னுடைய பாட் கேஸ்கெட் தேய்ந்து, நீராவி கசிந்து, மாற்று வளையம் கிடைக்காமல் அலமாரியில் சும்மா கிடந்தது. வளையம் இப்போது வந்து சேர்ந்துவிட்டது, காபியும் பழையபடி வருகிறது. ஆனால் அந்த அலைச்சல் தந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை என்பதால், பாராட்டையும் எரிச்சலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில், மாடியில் ஓர் அறை. ஜன்னலோரம் ஒரு சிறிய கடப்பா மேடை, அதன்மேல் ஒற்றை பர்னர் அடுப்பு, கீழே 5 கிலோ சிலிண்டர். சமையலறை என்பது அவ்வளவுதான். இந்த இடத்தில் பித்தளை ஃபில்டர் வைத்துக்கொள்ள முடியாது என்றில்லை. ஆனால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும், முதல் நாள் இரவே போட்டுவைத்தால் காலையில் அது ஆறிப்போய் மணம் இழந்திருக்கும், சூடாக்கினால் கசக்கும். மோக்கா பாட்டிலோ, கீழ்ப் பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி, நடுவிலுள்ள வடிகட்டியில் தூளை நிரப்பி, மேல் பாத்திரத்தைத் திருகி அடுப்பில் ஏற்றினால் ஐந்து நிமிடத்துக்குள் டிகாக்‌ஷன் தயார். அதை இறக்கிய கையோடு அதே பர்னரில் பாலை வைத்துவிடலாம். ஒற்றை அடுப்போடு வாழ்கிறவர்களுக்கு இந்த வரிசை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இரண்டு பர்னர் வைத்திருப்பவர்கள் முழுமையாக உணர மாட்டார்கள்.

சுவையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. இதில் ஏறத்தாழ 1 முதல் 2 பார் அழுத்தம் தண்ணீரைத் தூளுக்குள் புகுத்தி மேலே அனுப்புகிறது. எஸ்பிரெசோ இயந்திரத்தின் 9 பார் அழுத்தத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை என்பதால், புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்துக் கஃபேக்களில் தருகிற எஸ்பிரெசோவை இதில் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. ஆனால் பால் கலந்து குடிக்கும் நமக்கு வேண்டியது அடர்த்தியும் சூடும் உள்ள, கசப்பு ஏறாத டிகாக்‌ஷன். அதை இந்தச் சிறிய எண்கோணப் பாத்திரம் நாள் தவறாமல் தருகிறது. 'மூன்று கப்' என்று விற்கப்படும் அளவில் கப் என்பது 50 மில்லிக்கும் குறைவான இத்தாலியக் கோப்பை. பால் சேர்த்தால் நம் கணக்கில் இரண்டு டம்ளர் காபி வரும்.

அந்தச் சுவைக்குத் தீயைக் குறைவாக வைப்பதுதான் முதல் நிபந்தனை. கீழ்ப் பாத்திரத்தில் அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்துதான் தண்ணீரைத் தள்ளுகின்றன. ஆகவே தண்ணீர் கொதிநிலையைத் தொடுவதற்கு முன்பே காபி மேலே வரத் தொடங்கிவிடும். முதலில் வருவது கருமையாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும், போகப் போக நிறம் வெளுக்கும், கடைசியில் ஆவியும் கொதிநீருமாகக் கரகரவென்று சத்தமிட்டுத் துப்பும். அந்தச் சத்தம் எழும்போதே இறக்கி, அடிப்பகுதியைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட வேண்டும். கடைசித் துளிவரை ஆசைப்பட்டால் மொத்தமும் கசந்துபோகும்.

இங்கே தூளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் மோக்கா பாட் வாங்கி ஏமாற்றம் அடைகிறவர்களில் பலர் தூளில்தான் இடறுகிறார்கள் என்பது என் எண்ணம். நம் கடைகளில் ஃபில்டர் காபித் தூள் என்றால் பெரும்பாலும் சிக்கரி கலந்தது. நம் நாட்டுச் சட்டம் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரியை அனுமதிக்கிறது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஃபில்டரில் சிக்கரி தண்ணீரை இழுத்து ஊறி, இறங்கும் வேகத்தைக் குறைத்து, கருத்த கெட்டி டிகாக்‌ஷனைத் தருகிறது. அங்கே அது ஒரு நற்பண்பு. மோக்கா பாட்டில் அதே குணம் வினையாகிறது. ஊறிப் பருத்த தூள் வழியை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலே ஏற முடியாமல் கீழே அழுத்தம் கூடும், கேஸ்கெட்டின் ஓரத்தில் ஆவி கசியும், மிஞ்சிப்போனால் சேஃப்டி வால்வு சீறும். ஆகையால் நான் கடையில், பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு காபிக்கொட்டை வகைகளையும் சேர்த்து, சிக்கரி இல்லாமல், ஃபில்டருக்கு அரைப்பதைவிடச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்துத் தரும்படி கேட்டு வாங்குகிறேன். சிக்கரியின் கெட்டித்தன்மைக்குப் பழகிய நாக்குக்கு இது முதலில் மெலிவாகத் தோன்றலாம். கொஞ்சம் ரொபஸ்டா என்ற அழுத்தமான கொட்டை வகையைச் சேர்த்து அரைத்தால் அந்தக் குறை நீங்கும். தூளை வடிகட்டியில் தளர்வாக நிரப்பி மேலே சமன் செய்தால் போதும், அழுத்தவே கூடாது.

நம் அடுப்புகளைப் பொறுத்தவரை, பர்னரின் மேலுள்ள தாங்கிக் கம்பிகள் சோற்றுப் பானைக்கும் குக்கருக்கும் ஏற்றபடி அகலமாக அமைந்தவை. மோக்கா பாட்டின் சிறிய அடிப்பாகம் அவற்றுக்கு நடுவே சரிந்துவிடும். அப்பளம் சுடும் கம்பி வலையை இடையில் வைத்தால் இது தீரும். தீ அடிப்பாகத்தைத் தாண்டி வெளியே வந்தால் கைப்பிடி உருகும் என்பதையும் கவனிக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ள அறை என்றால் அலுமினிய பாட் பயன்படாது, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் கொண்ட ஸ்டீல் பாட்தான் வாங்க வேண்டும்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக் காற்றில் ஈரத்தோடு மூடி வைத்த அலுமினியம் விரைவில் வெள்ளை பூக்கும், உள்ளே பூஞ்சை வாடையும் ஏறும். கழுவியதும் மூன்று பாகங்களையும் தனித்தனியாகக் காயவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. புளியோ சாம்பலோ கம்பி நாரோ போட்டுத் தேய்க்கக் கூடாது. எங்கள் மாடிக்கு வரும் போர் தண்ணீர் கடினமானது. அதை ஊற்றினால் வால்வைச் சுற்றி வெள்ளைப் படிவம் கட்டுகிறது என்பதால் கேன் தண்ணீரையே பயன்படுத்துகிறேன்.

இவை எல்லாம் பழகிவிடக் கூடிய விஷயங்கள். பழகவே முடியாதது கேஸ்கெட் விவகாரம். மேல் பாத்திரத்தின் அடியில், சல்லடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும் அந்தத் தட்டையான ரப்பர் வளையம், தினமும் சூட்டில் வெந்து இறுகி நாளடைவில் வெடிப்பு விடும். அது இயல்பு, ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள்தான் அது. வளையம் தளர்ந்ததும் மரையோரத்தில் ஆவி சீறுகிறது, தண்ணீர் பக்கவாட்டில் வடிகிறது, காபி பாதி ஏறி நின்றுவிடுகிறது, அடியில் தேங்கிய நீர் கொதித்துக் கொதித்துத் தூளைத் தீய்க்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை, கைப்பிடியைப் பிடித்து முறுக்கினால் அதுவும் உடையும். அருமையான ஒரு கருவி, சில ரூபாய் பெறுமான ரப்பர் இல்லாததால் வெறும் உலோகமாகிவிடுகிறது.

நேரு வீதியில் பாத்திரக் கடைகளில் கேட்டேன், பெரிய மார்க்கெட்டைச் சுற்றிக் கேட்டேன். குக்கர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் வளையத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குக்கருன்னா எந்தக் கம்பெனின்னாலும் எடுத்துத் தரேன் தம்பி, இந்த சைஸ் நம்மகிட்ட வராது" என்றார். அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பிரஷர் குக்கர் நம் வீடுகளில் நிலைத்ததற்குக் காரணம் அதன் சமையல் வேகம் மட்டும் இல்லை. கேஸ்கெட்டும் வெயிட்டும் சேஃப்டி வால்வும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் தொங்குகின்றன, மாட்டித் தர ஓர் ஆளும் இருக்கிறார். இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி 1933இல் இந்தப் பாட்டைக் கொண்டுவந்ததிலிருந்து அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை, வளையமும் சல்லடையும் அங்கே சாதாரணக் கடைகளில் விற்கின்றன, அதனால் வாங்கிய பாட் பல பத்தாண்டுகள் உழைக்கிறது. இங்கே பாட்டை மட்டும் விற்கிறார்கள். நான் வாங்கிய நிறுவனத்துக்கு எழுதியபோது, உதிரிப் பாகங்கள் தனியாக விற்பதில்லை என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஆண்டுதோறும் தேய்வது உறுதி என்று தெரிந்த பாகத்தை விற்காமல் பொருளை மட்டும் விற்பது, வாங்குகிறவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இணையத்தில் 'மூன்று கப் கேஸ்கெட்' என்று போட்டிருந்ததை வரவழைத்தேன், அது பொருந்தவில்லை. ஒரே 'மூன்று கப்' அளவுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வார்க்கிறார்கள் என்பதால் கப் கணக்கை நம்பி வாங்கக் கூடாது. பழைய வளையத்தின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் அளந்து, அந்த அளவுகளை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்த வேறொரு விற்பனையாளரிடம் சிலிக்கோன் வளையம் வாங்கிய பிறகே காரியம் முடிந்தது. சிலிக்கோன், சாதாரண ரப்பரைவிடச் சூட்டை அதிகம் தாங்குகிறது, வாடையும் இல்லை.

நண்பருக்கு என் பதில், இப்போது வாங்க வேண்டாம் என்பதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றும், ஆனால் யோசித்தே சொல்கிறேன். அவர் வீட்டில் இரட்டை பர்னர் அடுப்பு இருக்கிறது, அம்மா காலத்துப் பித்தளை ஃபில்டர் இருக்கிறது, சிக்கரி போட்ட காபியைத்தான் விரும்பிக் குடிக்கிறார். விலை இறங்கியது ஒன்றே அவருக்கு இதை வாங்கக் காரணமாக இருக்கிறது. நான் என்னுடையதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இந்த அறையில் இதைவிட நல்ல காபியை வேறு எதிலும் என்னால் போட முடியாது. என் பேச்சையும் மீறி அவர் வாங்குவதென்றால், பணம் கட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் கேஸ்கெட்டின் இரு விட்டங்களையும் மில்லிமீட்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பாட்டோடு சேர்த்தே இரண்டு உபரி வளையங்களுக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டும். அந்த அளவைச் சொல்லத் தெரியாதவர் எத்தனை சதவீதத் தள்ளுபடி தந்தாலும் அவரிடம் வாங்கக் கூடாது.