மாற்றியமைத்த கார் என்ஜின் வாங்கப் போகிறவர்களுக்கு

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் யாராவது கார் என்ஜின் மாட்டும் யோசனையில் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது சுபாரு காரின் இஜே25 என்ஜின். அதோடு வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் சேர்ந்த செட். "மாட்டினால் போதும், ஆயிரம் மணி நேரம் கவலையே இல்லை" என்றார் விற்றவர். நம்பிவிட்டேன்.

விமானத்தைத் தரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தபோது, பதினோராவது மணி நேரத்தில், வேகத்தைக் குறைத்ததும் கியர்பாக்ஸில் கடகடவென்று சத்தம். நிறுத்தி ஆயிலை வடித்தேன். வடிகால் பிளக்கின் காந்தத்தில் இரும்புத் துகள் மயிர் மயிராகச் சிலிர்த்து நின்றது. பிரித்துப் பார்த்தால் பற்களில் குழி விழுந்திருக்கிறது, நகம் வைத்தால் மாட்டுகிறது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் கறுப்புத் தூளாக உதிர்ந்திருந்தது.

என்ஜின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது முழுச் சக்தி தருவது நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல். ப்ரொப்பல்லருக்கோ 2,500 பக்கம்தான் சரி, அதனால் நடுவில் கியர்பாக்ஸ் வேண்டியிருக்கிறது. சிக்கலே அங்கேதான். பிஸ்டன்கள் விட்டுவிட்டு உதைக்கின்றன, கனமான ப்ரொப்பல்லர் அதே சீரில் சுற்றப் பார்க்கிறது, இடையில் ஷாஃப்ட் முறுகி முறுகி விடுபடுகிறது. ஏதோ ஒரு வேகத்தில் இந்த முறுக்கதிர்வு ஒத்திசைந்து பெருகிவிட்டால் பல் தாங்காது. ப்ரொப்பல்லரின் எடை மாறினால் அந்த வேகமும் மாறும். விற்றவர் சோதித்தது லேசான மரப் ப்ரொப்பல்லரை வைத்து. எனக்குச் சிபாரிசு செய்தது அதைவிடக் கனமானது! ஆயிரம் மணி நேரம் என்ன கணக்கு என்று துருவிக் கேட்டால், காரில் ஓடிய கணக்காம். காரில் சாலையில் போகும்போது என்ஜின் சக்தியில் சிறு பங்குதான் செலவாகும். விமானத்தில் மணிக்கணக்காக 65 முதல் 75 சதவீதம். அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

பிறகு வயரிங்கைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பெட்ரோல் பம்புகள் இரண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஃபியூஸ் ஒன்றே ஒன்று. வழக்கமான விமான என்ஜினில் தானே மின்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டு இருக்கும், பேட்டரி செத்தாலும் ஓடும். இதில் அந்த ஃபியூஸ் போனால் வானத்திலேயே என்ஜின் நின்றிருக்கும்.

இதே என்ஜின், இதே கியர்பாக்ஸ், இதே ப்ரொப்பல்லர் மூன்றும் சேர்ந்து பறந்த மணிக்கணக்கைக் கேளுங்கள். பறக்கவிட்டவரிடமே பேசுங்கள். முறுக்கதிர்வு அளந்த தாள் இல்லையென்றால் வாங்காதீர்கள். காந்தத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டியவர்களுக்கு அனுப்புகிறேன்.