வில்லுப்பாட்டா, தெருக்கூத்தா?

இரண்டும் கோயில் விழாக்களில் வளர்ந்த கதைக்கலைகள். வட மாவட்டங்களில் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் விழாவில் பாரதக் கதையை வேடம் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். நடுவில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் ஊர்ச் சேதியையும் சேர்த்துவிடுவான். கண்ணுக்கு இதுதான் விருந்து.

தெற்கே கன்னியாகுமரி, நெல்லைப் பக்கக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு. வேடம் கிடையாது. வில், அதன் நாணைத் தட்டும் வீசுகோல், குடம், உடுக்கை, அப்புறம் குரல். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். எனக்கு அந்த 'ஆமா'தான் உயிர். வீட்டில் கதை கேட்கும் குழந்தை 'உம்' கொட்டுவதும் இதே வேலைதான். அது நின்றால் சொல்பவருக்குக் கதை ஓடாது. வில்லுப்பாட்டின் நாயகர்களில் ஒருவனான முத்துப்பட்டனின் கதையைக் கேட்கும்போது அவன் முகத்தை நாமேதான் வரைந்துகொள்ள வேண்டும்.

சரி, ஒரே ஒரு இரவுதான் கிடைக்கும் என்றால்? நான் நாகர்கோவிலுக்குத்தான் பஸ் ஏறுவேன்.